கொக்குப் பங்கு

மக்டலீனுக்கு நாரையும் ஒன்றுதான், கூழைக்கடாவும் ஒன்றுதான். நீண்ட காலும் நீண்ட மூக்கும் இருந்தால் அது கொக்கு, அவ்வளவோடு சரி. அப்படிப்பட்டவள்தான் ஏழு வருடமாக நாரைத்திட்டுப் பறவைகள் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவராக இருந்தாள். சங்கத்தின் செயலாளர் செல்வநாயகி ரீச்சர். சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிளில் வந்து போகிறவர், விலங்கியல் படிப்பித்தவர். "அக்கா, அது கொக்கில்லை, நாரை" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பொறுமையாகத் திருத்துவார். "சரி ரீச்சர், நாரைக் கொக்கு" என்பாள் மக்டலீன். ரீச்சர் தலையில் கை வைத்துக்கொள்வார்.

அவள் கொக்கில் வைத்த பாசத்தால் தலைவர் ஆனாள் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். கதையே வேறு.

சூசையப்பர்துறை என்பது அராலிப் பக்கம் பரவைக் கடலை ஒட்டிக் கிடந்த ஒரு சின்னக் கத்தோலிக்கக் கரை. கடல் என்று பெயர்தான், வெகுதூரத்துக்கு இடுப்பளவுத் தண்ணீர். அதில் தடிகளை வரிசையாக நட்டு வலையைக் கட்டிவிடுவார்கள். மீன் வலையோரமாகவே நீந்திப் போய்க் கடைசியில் கூட்டுக்குள் அடைபடும். களங்கண்டி என்பார்கள் இதை. எந்த வீடு எந்த இடத்தில் தடி நடுவது என்பதற்கு ஆத்துமாக்கள் திருநாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் விறாந்தையில் சீட்டுப் போடுவார்கள். பானைக்குள் பனையோலை நறுக்குகள். ஒவ்வொரு நறுக்கும் ஒரு பாடு, அதாவது கடலில் ஒரு வீட்டுக்கு உரிய இடம்.

நாரைத்திட்டு என்ற கண்டல் மரத் திட்டை ஒட்டிய பாடுதான் எல்லாவற்றிலும் கொழுத்தது. வேர்களுக்குள் இறாலும் மீனும் அப்படிப் பெருகிக் கிடக்கும். அது யாருக்கு விழுந்தாலும் மற்றவனுக்கு வயிறு எரியும். ஒருவன் நட்ட தடியை இன்னொருவன் பிடுங்குவான், அவன் வலையை இவன் அறுப்பான். எண்பத்துமூன்று மார்கழியில் அந்த இடத்தில் வைத்துத்தான் மக்டலீனுடைய புருஷன் செபமாலையின் மண்டையில் வள்ளம் ஊன்றும் மரக்கோல் இறங்கியது. அடித்தவன் வேறு யாருமில்லை, செபமாலையின் சித்தப்பன் மகன். ஒரே சட்டியில் தின்று வளர்ந்தவன். தெற்கில் தமிழனை அடித்துக் கொன்றார்கள் என்று நாடெல்லாம் மாரடித்த வருடம் அது. இங்கே சொந்த இரத்தத்தை ஒரு கூடை இறாலுக்காக அடித்துக் கொன்றார்கள். எவ்வளவு வெட்கக்கேடு! மக்டலீனுக்கு அது கடைசிவரைக்கும் ஆறவில்லை.

அடுத்த வருடம் வட்டுக்கோட்டையிலிருந்து பஞ்சலிங்கம் மாஸ்டரும் ஐந்தாறு படித்த மனிதர்களும் கழுத்தில் பைனாகுலர் தொங்க வந்து இறங்கினார்கள். நாரைத்திட்டில் பறவைகள் கூடு கட்டுகின்றன, மாரி காலத்தில் அந்தப் பக்கம் வலை கட்டாமல் விட்டால் பெரிய புண்ணியம் என்றார்கள். ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்னால் கறுப்புச் சேலையோடு இருந்த மக்டலீன் எழும்பினாள்.

"குடுப்பம்" என்றாள். "மனிசருக்குக் குடுத்தால் கொலை விழுது. கொக்குக்குக் குடுப்பம். கொக்கு கொக்கை மரக்கோலாலை அடிக்காது."

சிரிப்பு அடங்கியது. செபமாலையின் பெண்சாதிக்கு முன்னால் எவன் வாயைத் திறப்பான்?

சட்டம் முழுவதும் அவள் சொன்னதுதான். அந்தப் பாட்டைச் சீட்டிலிருந்து எடுக்கக் கூடாது. எடுத்தால் களவாக எவனாவது இறங்குவான். ஒரு ஓலை நறுக்கில் பறவையைக் கீறிப் பானைக்குள் போட வேண்டும். அது யார் கையில் வருகிறதோ அந்த வீட்டுக்குப் பெரிய வெள்ளி வரை பாடு இல்லை. பதிலுக்கு மற்ற எல்லா வீடும் நாளாந்தம் ஒரு கை மீன் அந்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். அதுதான் கொக்குப் பங்கு. வாங்குகிறவர்களுக்கு வெட்கமாக இருக்கக் கூடாது என்பதற்காக, பொழுதுபடும் நேரம் வாசல் படலையில் இருக்கும் கூடையில் சத்தமில்லாமல் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விட வேண்டும். அதுவும் அவளுடைய யோசனைதான். மீறி யாராவது திட்டோரம் தடி நட்டால் முதல் தடியைத் தலைவர் தன் கையாலேயே பிடுங்க வேண்டும். "அப்ப நீயே தலைவரா இரு" என்று யாரோ பகிடியாகச் சொன்னார்கள். இருந்துவிட்டாள்.

இந்தியன் ஆமி வந்த வருடம் பஞ்சலிங்கம் மாஸ்டர் கனடாவுக்குப் போனார். மற்றவர்கள் லண்டன் என்றும் கொழும்பு என்றும் போனார்கள். பைனாகுலர்களும் கூடவே போய்விட்டன. மிஞ்சியது செல்வநாயகி ரீச்சரும் மக்டலீனும், முப்பது வீடும், பானைக்குள் ஒரு பறவையும்தான். ஆனால் அந்த ஏழு வருடத்தில் திட்டோரம் ஒரு சொட்டு இரத்தம் விழவில்லை. திட்டைச் சும்மா விட்டதால் மற்றப் பாடுகளிலும் மீன் கூடியது என்று ரீச்சர் சொல்வார். மக்டலீனுக்கு அதெல்லாம் மேலதிகம். ஒருவனும் சாகவில்லை, அது போதும் அவளுக்கு.

தொண்ணூறில் யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டை தொடங்கிக் குருநகரில் குண்டு கொட்டியபோது அவளுடைய ஒரே தம்பி அடைக்கலநாதன் பெண்சாதி லூர்த்தம்மாவையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தான். குருநகரில் அவன் எப்பேர்ப்பட்டவன்! இரண்டு வள்ளம் ஓடியது. கோயில் மூப்பர் அவன். பிடிபடும் மீனில் கோயிலுக்குரிய பங்கை வீடு வீடாகக் கேட்டு வாங்குகிற பொறுப்பு அவனுடையது. இங்கே அக்காவின் வளவு மூலையில் ஓலைக் கொட்டில் ஒன்று போட்டுக்கொண்டு, அக்காவின் சட்டியில் சாப்பிட்டுக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் இருந்தான். வர வரப் பேச்சுக் குறைந்தது. மக்டலீன் அதைக் கண்டாள். பாவம், வீட்டை நினைத்துக் கவலைப்படுகிறான் என்று தானாகவே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள்.

தொண்ணூற்றொன்றில் எதிரேயிருந்த தீவுப் பக்கம் ஆமி வந்து இருந்துவிட்டான். அதற்குப் பிறகு தூரக் கடல் இல்லை. போனால் நேவி சுடுவான், இல்லாவிட்டால் ஹெலிகொப்டர் வந்து சுடும். முப்பது பாடு இருந்த இடத்தில் கரையோடு ஒரு டசின் மிஞ்சியது. அதையே இரண்டு மூன்று வீடு சேர்ந்து பங்குபோட வேண்டும். குருநகரிலிருந்து வந்த குடும்பங்களும் இதற்குள்தான் பிழைக்க வேண்டும். பாதை பூட்டிக் கிடந்தது, அரிசி யானை விலை. மரவள்ளியும் கீரையுமாகப் பிள்ளைகள் வயிறு ஊதிப்போய் நின்றார்கள்.

சீட்டுக்கு முதல் கிழமை ரீச்சர் தணிந்த குரலில் சொன்னார்: "அக்கா, இந்த ஒரு வருசம் பறவைச் சீட்டை விடுவம். சனம் பசியிலை கிடக்கேக்கை நாங்கள் பறவையைப் பற்றிக் கதைக்க எனக்கே வாய் வருகுதில்லை."

"பசி எண்டபடியாத்தான் ரீச்சர் விடேலாது" என்றாள் மக்டலீன். "புதுச் சனமும் வந்திருக்கு. அந்தப் பாட்டைத் திறந்துவிட்டால் இந்த வருசம் ஒருத்தன் இல்லை, நாலு பேர் சாவினம். நான் ஒருக்காப் பாத்திட்டன், காணும்."

இன்னொன்றுக்கும் அவள் தொண்டை கிழியக் கத்தினாள். அடைக்கலநாதன் அவளுடைய வளவில்தானே இருக்கிறான், இரண்டு குடும்பத்துக்கும் ஒரு சீட்டுப் போதும் என்றார்கள் ஊரார். "என்ரை தம்பி என்ரை கையைப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ? அவனுக்குத் தனிச் சீட்டு வேணும்!" என்று நின்று வாங்கிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் விறாந்தையில் தலைவர் என்ற முறையில் பானையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து கையை விட்டு எடுத்தார்கள். அடைக்கலநாதன் புதுச் சாரம் உடுத்து, தலைக்குத் தண்ணீர் தொட்டு வாரி வந்திருந்தான். ஒரு வருடத்துக்குப் பிறகு அவன் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் களை இருந்தது. கையை விட்டான். எடுத்தான். விரித்துப் பார்த்தான்.

பறவை.

மக்டலீன் பானையைப் பிடித்தபடியே நின்றாள். மற்ற வருடங்களில் அந்தச் சீட்டு யாருக்கு வந்தாலும் கையைத் தட்டி, "இந்த வருசம் நீங்கள் இருந்து சாப்பிடுறவை!" என்று பகிடி விடுவாள். அன்றைக்குக் கையே எழும்பவில்லை.

அவன் அந்த ஓலையை மூன்றாக மடித்து அவளுடைய கையிலேயே வைத்தான். "பானையைப் பிடிச்சது நீதானே அக்கா" என்றான். அப்படியே போய்விட்டான். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. சூசையப்பர் சாட்சியாக அவள் பானைக்குள் எட்டியும் பார்க்கவில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்வாள்?

தடி நட்டு முதல் மீன் பட்ட அன்று பொழுதுபட்டதும் சனம் வந்தது. குறை சொல்லக் கூடாது, அந்தக் கரைச் சனம் நல்ல சனம். தங்கள் பிள்ளைகள் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருக்க, ஒரு வீடு நாலு இறால், ஒரு வீடு இரண்டு ஓரா மீன் என்று கொண்டுவந்து கொட்டில் வாசலில் வைத்த கூடையில் போட்டுவிட்டுச் சட்டப்படி திரும்பிப் பாராமல் போனார்கள். அடைக்கலநாதன் கொட்டிலுக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான். கூடையை எடுக்கவில்லை. லூர்த்தம்மாவையும் எடுக்க விடவில்லை. கடைக்குட்டி போய் ஒரு இறாலைத் தொட்டாள். கையில் அடி விழுந்தது.

காலையில் கூடை நாறியது. அன்று மாலையும் போட்டார்கள். மறுநாளும் நாறியது. கொடுத்த பங்கைத் திருப்பி எடுக்கக் கூடாது என்பது சட்டம். பறவை வீட்டு மீனை இன்னொரு வீடு தொடவும் கூடாது. பசித்த ஊரில் மீன் அழுகிக்கொண்டு கிடந்தது. பூனைகளுக்குத்தான் கொண்டாட்டம். கிணற்றடியில் பெண்கள் வாய் விட்டே பேசினார்கள்: "என்ரை பிள்ளையின்ரை வாயிலை இருந்து பிடுங்கிக் குடுக்கிறன். உவருக்கு அழுக விடுற அளவுக்குக் கொழுப்போ? பெரிய குருநகர்த் துரை!" மக்டலீன் தம்பியிடம் கெஞ்சினாள், பேசினாள், பிள்ளைகளைக் காட்டிக் கத்தினாள். அவன் வாயைத் திறக்கவேயில்லை. அவளுக்குப் பயம் பிடித்தது. செபமாலையும் கடைசிக் கிழமை முழுவதும் இப்படித்தான் பேசாமல் இருந்தான்.

ஒரு காலை. விடிந்து நன்றாக வெயில் ஏறியிருந்தது. மகள் கத்தரீனாவின் புருஷன் மரியரட்ணம் ஓடி வந்தான். "மாமி! அடைக்கலம் மாமா தடியளை எங்கடை வள்ளத்திலை ஏத்திக்கொண்டு திட்டுக்குப் போறார்!"

அவள் கரைக்கு ஓடியபோது ஏற்கனவே ஏழெட்டு ஆண்கள் மரக்கோலோடு நின்றார்கள். எல்லோருடைய முகத்திலும் அந்த அழுகிய மீனின் ஆத்திரம் இருந்தது. தூரத்தில் திட்டோரம் அடைக்கலநாதன் தண்ணீரில் நின்று முதல் தடியை இறக்கிக்கொண்டிருந்தான்.

"நீங்கள் பிடுங்கிறியளோ, நாங்கள் பிடுங்கவோ?" என்றான் ஒருவன்.

"ஒருத்தரும் தண்ணியிலை கால் வைக்கப்படாது!" மக்டலீனின் குரல் கரை முழுவதும் கேட்டது. "முதல் தடி தலைவரின்ரை. சட்டம் தெரியாதோ?"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். முழங்கால், தொடை, இடுப்பு. சேறு காலை இழுத்தது. எதிரே தீவு வெயிலில் வெறிச்சென்று கிடந்தது. அங்கிருந்து பார்க்கிறவனுக்கும் சரி, மேலே இருந்து பார்க்கிறவனுக்கும் சரி, தண்ணீரில் நீண்ட தடியோடு நிற்கிறவன் யார்? துவக்குத் தூக்கின இயக்கக்காரன்தான். இது அவளுக்குத் தெரியும், தம்பிக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் பட்டப்பகலில் போய் நிற்கிறான், விசரன்!

அவள் கிட்டப் போவதற்குள் இரண்டாவது தடியையும் நட்டிருந்தான். முதல் தடியை அவள் இரண்டு கையாலும் பிடித்தாள். அவன் மறுபக்கம் பிடித்தான்.

"திரும்பிப் போ அக்கா."

"கையை எடு."

"என்ரை பிள்ளையளுக்கு நான் பிடிச்சுக் குடுப்பன். உங்கடை கொக்குக்காக நான் பட்டினி கிடக்கேலாது."

"பட்டினி ஆர் போட்டது? வாசல்லை மீன் அழுகுது, நீ..."

"அதைப் பற்றிக் கதையாதை!" அவன் ஒரே இழுவையில் வள்ளத்திலிருந்த மரக்கோலை எடுத்து ஓங்கினான்.

கரையிலிருந்து ஒரு கூக்குரல் கேட்டது. மக்டலீன் தடியை விடவில்லை.

"அடி" என்றாள். "உன்ரை அத்தானுக்கும் இந்தத் தண்ணியிலைதான் மண்டை பிளந்தது. அண்டைக்கு நான் இஞ்சை இல்லை. இண்டைக்கு நிக்கிறன். அடியடா."

மரக்கோல் அப்படியே வானத்தில் நின்றது. அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. தீவுப் பக்கமிருந்து, தாழ்வாக, தண்ணீரை அறைந்துகொண்டு வந்தது. திட்டிலிருந்த அவ்வளவு பறவையும் ஒரே வீச்சில் எழும்பியது. வெயில் மறைந்துபோனது.

"ஹெலி!"

யார் யாரை இழுத்தார்கள் என்று அவளுக்குப் பிறகும் தெரியாது. கண்டல் வேர்களுக்குள், கழுத்து வரை சேற்றில், அவன் தலையைத் தன் கக்கத்துக்குள் அமுக்கிக்கொண்டு கிடந்தாள். மேலே இலை பிய்ந்து கொட்டியது. தண்ணீரில் சடசடவென்று ஒரு வரிசை போனது, வள்ளத்தின் பலகை உடைகிற சத்தம் கேட்டது. திரும்பி இன்னொரு தரம் வந்தது. "யேசுவே, யேசுவே, யேசுவே" என்பதற்கு மேல் அவளுக்கு வேறு செபம் வரவில்லை. பிறகு சத்தம் தீவுப் பக்கமாகத் தேய்ந்து போனது.

கூடுகளில் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. ஒரு பெரிய நாரை பக்கத்தில் செட்டையை விரித்துச் செத்துக் கிடந்தது. அடைக்கலநாதனுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. பல்லு அடித்தது.

"காயமோ? எங்கையாவது பட்டதோ?" அவள் அவன் முகத்தை, நெஞ்சை, கையைத் தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் கன்னத்தில் ஒன்று வைத்தாள். "ஏன்ரா அந்த மீனைத் தொடாமல் விட்டனி? பிள்ளையள் பாத்துக்கொண்டு நிக்க அழுக விட்டியே, உனக்கென்ன மனமோ கல்லோ?"

"நாய்க்கு வைக்கிற மாதிரி வைச்சிட்டு ஓடினால் என்னெண்டு தின்னுறது?" அவன் உடைந்து அழத் தொடங்கினான். "ஒருத்தர் எண்டாலும் 'இந்தா அடைக்கலம்' எண்டு கையிலை தந்தவையோ? முகத்தைப் பாத்தவையோ? குருநகரிலை நான் படலையிலை நிண்டு 'கோயில் பங்கு' எண்டு குரல் குடுத்தால் என்னோடை சண்டை பிடிச்சவனும் கொண்டுவந்து போடுவான். கேட்டு வாங்கின கை அக்கா இது. ஒரு வருசமா உன்ரை சட்டியிலை திண்டன். பிறகு ஊர்ச் சட்டியிலை. உங்களுக்கு நான் மனிசனாத் தெரியேல்லை, அகதியாத்தான் தெரியுது."

மக்டலீன் அவன் தலையிலிருந்த சேற்றை வழித்துவிட்டாள். வெட்கப்படக் கூடாதென்று அவள் போட்ட சட்டம் அது. ஊர்க்காரனுக்கு அது ஒரு முறை, இந்த வருடம் அவன் வாங்குவான், அடுத்த வருடம் கொடுப்பான். வீடும் வள்ளமும் போய் வந்தவனுக்கு அதே கூடை பிச்சைக் கூடை. இது ஏன் அவள் மண்டைக்குள் ஏறவில்லை? அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கரைக்குத் திரும்பியபோது நட்ட தடி இரண்டும் அங்கேயே நின்றன. "பிடுங்கேல்லையோ?" என்று கேட்டார்கள். "நாளைக்குக் கோயிலடியிலை சொல்லுறன். அதுவரைக்கும் ஒருத்தரும் போகப்படாது" என்று மட்டும் சொன்னாள். ஹெலிக்குப் பிறகு எவனுக்கும் போகும் எண்ணமும் இருக்கவில்லை.

மறுநாள் பூசை முடிந்து விறாந்தையில் சனம் கூடியது. அடைக்கலநாதன் கடைசியில் தூணோடு நின்றான். ரீச்சரும் வந்திருந்தார்.

"நான் போட்ட சட்டத்திலை பிழை இருக்கு" என்று தொடங்கினாள் மக்டலீன். அவள் வாயில் இப்படியொரு சொல்லை எவரும் கேட்டதில்லை. "பறவைச் சீட்டு எடுத்த வீட்டைப் பிச்சைக்கார வீடாக்கிப் போட்டன். இனிமேல் அந்தச் சீட்டு ஆருக்கு விழுதோ, அவர்தான் அந்த வருசம் சங்கத்தின்ரை தலைவர். பங்கை ஒருத்தரும் களவா வைக்கிறேல்லை. தலைவர் வருவார், படலையிலை நிண்டு கேட்பார், கையிலை குடுக்கவேணும். கோயில் பங்கு மாதிரி. குடாதவையைத் தலைவர் கேட்பார். இண்டையிலையிருந்து நான் தலைவர் இல்லை."

சலசலப்பு எழுந்தது. "தடி நட்டவனோ தலைவர்?" என்று ஒரு குரல் கேட்டது.

"ஓம். அவர் நட்ட தடி, அவரே பிடுங்குவார். முதல் தடி தலைவரின்ரை எண்டு சட்டம் இருக்கே!" என்றாள்.

எல்லோரும் தூணைப் பார்த்தார்கள். அவன் மாட்டேன் என்றால் எல்லாம் முடிந்தது. சங்கமும் போய்விடும், தம்பியும் போய்விடுவான், எந்த நேரம் யார் யாரை அடிக்கிறார்களோ தெரியாது. ரீச்சர்தான் முதலில் எழும்பி, "நான் ஆமோதிக்கிறன்" என்றார்.

அடைக்கலநாதன் விறாந்தையை விட்டு இறங்கினான். கரைக்குப் போனான். சனம் பின்னாலேயே போனது. வானத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினான். அவன் போய்ச் சேர்ந்து, முதல் தடியை ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, இரண்டாவதையும் பிடுங்கி, இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வரும் வரைக்கும் கரையில் ஒரு குழந்தைகூட அழவில்லை. எல்லோரும் தீவுப் பக்கமே காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு ஹெலி வரவில்லை.

அன்று பின்னேரமே கூடையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டான். "கொக்குப் பங்கு!" என்று ஒவ்வொரு படலையிலும் குரல் கேட்டது. சனம் முதலில் கூசியது, பிறகு சிரித்தது, பிறகு கொண்டுவந்து கையில் கொடுத்தது. "உது என்ன, இறால் சின்னனா இருக்கு? கொக்கு கோவிக்கும்" என்று அவன் அதட்டுவதும் கேட்டது. மக்டலீன் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மனம் நிறைந்துபோனது.

ஆனால் குரல் அவளுடைய படலைக்கு வந்தபோது அவள் அசையவில்லை. மகள் கத்தரீனா பிள்ளை பெற்றுப் பத்து நாள்கூட ஆகவில்லை. பால் சுரக்கவில்லை, குழந்தை வறண்ட தொண்டையோடு கத்திக்கொண்டேயிருந்தது. மரியரட்ணத்தின் வலையில் அன்று முழுக்க ஒரேயொரு திரளி மீன் பட்டது. அதன் மேல் சட்டியைக் கவிழ்த்து மூடி வைத்திருந்தாள்.

"கொக்குப் பங்கு!"

"இண்டைக்கு ஒண்டும் படேல்லை" என்று உள்ளேயிருந்தே சொன்னாள். ஏழு வருடத் தலைவர் சொன்ன பொய்!

அவன் போகவில்லை. படலையில் அப்படியே நின்றான். "அக்கா, மரியரட்ணம் திரளியோடை கரையேறினதைப் பாத்தனான்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான்.

மக்டலீனுக்கு முகம் கொதித்தது. விறுவிறென்று போய் மீனை எடுத்து வந்து அவனுடைய கையில் அறைந்தாற்போல் வைத்தாள். "கொண்டு போ! தலைவராம் தலைவர்! பச்சை உடம்புக்காரி ஒருத்தி உள்ளை கிடக்கிறாள். கொக்கு திண்டு கொழுக்கட்டும்!" வாயில் வந்ததெல்லாம் சொன்னாள். அவன் மீனை ஒருமுறை தூக்கிப் பார்த்துக் கூடையில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான். நன்றி சொல்லவில்லை. கோயில் பங்கு வாங்குகிறவன் நன்றி சொல்வதில்லை.

"அம்மா, மீன் காய்ச்சேல்லையோ?" என்று கத்தரீனா உள்ளேயிருந்து கேட்டாள். "முருங்கையிலை வறுக்கிறன் பிள்ளை" என்றாள் மக்டலீன். இலை ஆய உட்கார்ந்தவளுக்குக் கண்ணீரில் கண் தெரியவில்லை. வளவு மூலைக் கொட்டிலிலிருந்து மீன் கறி மணத்தது. பிள்ளைகளை லூர்த்தம்மா சாப்பிடக் கூப்பிடுவதும், மூன்றும் ஓடுவதும் கேட்டது. தம்பி பிள்ளைகளோடு ஏதோ பகிடி விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம்! அவளுக்குச் சந்தோஷமும் வயிற்றெரிச்சலும் ஒன்றாக வந்தன.

படலைப் பக்கம் காலடி கேட்டது. லூர்த்தம்மா. கையில் ஒரு கோப்பை, துணியால் மூடியிருந்தது.

"மச்சாள், திரளிச் சொதி. கத்தரீனாவுக்கு அவர் குடுக்கச் சொன்னவர். பங்கு பங்குதானாம், இது மாமன் வீட்டுச் சாப்பாடாம்."

மக்டலீன் எழும்பினாள். செபமாலை செத்த பிறகு அவள் யார் கையிலிருந்தும் ஒன்றும் வாங்கித் தின்றவள் இல்லை. கொடுத்துக் கொடுத்தே பழகிய கை. அந்தக் கோப்பைக்கு நேரே அது எழும்ப மறுத்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. தன் தம்பி அத்தனை நாளும் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது இதற்குத்தான் என்று அவளுக்கு அப்போதுதான் உடம்பில் விளங்கியது.

லூர்த்தம்மா போகவில்லை. கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பவும் இல்லை. நேரே அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பிடியுங்கோ மச்சாள், கை சுடுது."

மக்டலீன் கையைச் சேலையில் துடைத்தாள். பிறகு இரண்டு கையையும் நீட்டினாள்.